மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றவள்

பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. அவையின் மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. கீழே உறுப்பினர்கள் தங்கள் பேச்சை விடாமலே எழுந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் ஒலிபெருக்கி முன் பிரார்த்தனை வாசிக்கத் தொடங்கினார். மேலே பார்வையாளர் மாடத்தின் நடுக்கதவை ஒட்டி நின்றிருந்த காவலர் மெர்லிண்டாவின் சட்டைப்பையில் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது.

பணி நேரத்தில் கைபேசியைத் தொடக் கூடாது. இடுப்புப் பட்டையைச் சரிசெய்வது போலக் குனிந்து, உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஜோவெலின் அனுப்பியிருந்தாள்.

"மனாங் போயிட்டாங்க. இப்பத்தான். தூங்குற மாதிரியே இருக்காங்க."

பிரார்த்தனை முடிந்து தேசிய கீதம் எழுந்தது. நெஞ்சில் கை வைத்து நிற்க வேண்டும். மெர்லிண்டா கையை வைத்தாள். பாட்டு முடிந்த பிறகும் அந்தக் கையை எடுக்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

அன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். மாலையில் அவைத் தலைவரின் சுத்தியல் கடைசியாக விழுந்ததும் அந்த நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்துவிடும். அதுவரை கரையேறாத மசோதாக்கள் எல்லாம் அதோடு செத்துப்போகும். அடுத்துத் தேர்வாகி வருகிறவர்கள் விரும்பினால் முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். நண்டு உரிப்போர் மசோதா ஏற்கெனவே இரண்டு முறை இப்படிச் செத்து மறுபடி பிறந்தது. இம்முறை மூன்றாம் வாசிப்பு வரை, அதாவது பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும் கடைசிப் படி வரை, தட்டுத்தடுமாறி வந்துவிட்டது. அன்றைய அலுவல் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. அதை அவ்வளவு தூரம் நெட்டித் தள்ளிக்கொண்டு வந்தவள்தான் மூன்று மணிக்குப் போய்விட்டாள்.

மாடத்தின் மூன்றாம் வரிசையில் காப்பிஸ் மாகாணத்திலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறி வந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நண்டு உரிக்கிறவர்கள். ஓரத்து நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். "மனாங்குக்கு ஆஸ்பத்திரியில டிவி இருக்காமே? அங்கேயிருந்தே பார்ப்பாங்கல்ல?" என்று உள்ளே வரும்போது அவர்களில் ஒருத்தியான சலோமே கேட்டிருந்தாள். பார்ப்பார்கள் என்று மெர்லிண்டாவும் சொல்லியிருந்தாள்.

*

எபிஃபானியா டுமலகன் என்பது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். கூப்பிடுகிற பெயர் பன்யாங். தன்னைவிட இளையவர்களுக்கு மனாங் பன்யாங், மூத்த அக்கா. தன்னைவிட இளைய பெண்கள் எல்லோரும் அவளுக்கு இண்டாய், தங்கச்சி. அமைச்சரின் மனைவியைக்கூட ஒருமுறை வாசலில் அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனதால் யாருக்கும் பாதகமில்லை.

கடற்கரையோரக் கொட்டகையில், வேகவைத்த நண்டுக் குவியலைச் சுற்றிக் குட்டை முக்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிறு கத்தியால் ஓட்டை நெம்பி, சதை சிதையாமல் எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் சதை அது. சிதைந்தால் விலை பாதி. ஓட்டின் முள் விரலில் ஏறும். ஏறிய இடத்தில் உப்புத் தண்ணீர் படும். பன்யாங் பதினைந்து வயதில் அந்த முக்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தபோது தலை நரைத்திருந்தது.

அவளை எழ வைத்தது சலோமேயின் கை. விரலில் ஏறிய முள் சீழ் பிடித்து, சீழ் மணிக்கட்டு வரை ஏறி, நகரத்து ஆஸ்பத்திரியில் கையை எடுத்துவிட்டார்கள். தொழிலாளர் காப்புறுதி எண் என்ன என்று கேட்டபோது கொட்டகை முதலாளி, "அவ எங்க ஆள் இல்லீங்க. இங்க யாருமே எங்க ஆள் இல்ல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க சும்மா வந்து கை கொடுக்குறாங்க," என்றான்.

பக்கத்தில் நின்ற பன்யாங் கேட்டாள்: "கொடுத்துட்டா இல்ல? இப்ப அதைத் திருப்பிக் குடு."

மறுநாளிலிருந்து அவளுக்குக் கொட்டகையில் இடமில்லை.

அந்த மாகாணத்திலிருந்து தேர்வான குவாரின் அம்மையாரின் அலுவலக வாசலில் அவள் போய் உட்கார்ந்தாள். அம்மையார் நல்லவர், ஆனால் ஓரிடத்தில் நிற்காதவர். கல்யாணம், கருமாதி, சேவல் சண்டைக் கூடத் திறப்பு விழா என்று அவர் போன இடமெல்லாம் பன்யாங்கும் போனாள். கடைசியில் அம்மையார், "சரி மனாங், மசோதா கொண்டு வர்றேன். என் பேத்தி ஞானஸ்நானத்துக்காவது வராம இருங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். மசோதா மிகச் சிறியது. கொட்டகைகளில் எடைக்கூலிக்கு நண்டு உரிப்பவர்களும் தொழிலாளர்களே என்பதுதான் அதன் சாரம். அதைச் சொல்லிவிட்டால் காப்புறுதி, பேறுகால விடுப்பு எல்லாம் தானாகத் தொடரும்.

மசோதாவைத் தனியாக மணிலாவுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. "கன்னுக்குட்டியைச் சந்தைக்கு அனுப்பிட்டு வீட்டுல இருந்தா, கறியாத்தான் திரும்பி வரும்," என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாள். அக்காள் மகள் ஜோவெலின் நாடாளுமன்றத்துக்குப் பின்னாலிருக்கும் சந்தையில் ஒரு அறையில் குடியிருந்தாள். அங்கே ஒண்டிக்கொண்டாள். காலையில் வடக்கு வாசலருகே சீனி போட்டுப் பொரித்த வாழைப்பழச் சுருள் விற்றாள். மூன்று மணிக்கு மாடத்துக்கு வந்துவிடுவாள்.

முதல் நாள் அவளைத் தடுத்து நிறுத்தியது மெர்லிண்டாதான்.

"செருப்போட உள்ள வரக்கூடாது மனாங். ஷூ போடணும்."

"கழட்டிட்டு வரட்டுமா?"

"வெறுங்காலும் கூடாது."

"இண்டாய், அந்தாளு கீழே தூங்கிட்டிருக்காரே, அவரு ஷூவைக் கழட்டி வெச்சிருக்கார். அதைக் கொஞ்ச நேரம் வாங்கித் தர்றியா?"

மெர்லிண்டா கீழே எட்டிப் பார்த்தாள். ஒருவர் நிஜமாகவே தூங்கிக்கொண்டிருந்தார். குற்றவியல் படித்துப் பட்டம் வாங்கி, தேர்வெழுதி இந்த வேலைக்கு வந்தவள் அவள். வாசலில் வரும் வம்பர்களைக் கையாளத் தனியாகப் பயிற்சியும் பெற்றிருந்தாள். சிரிப்பை அடக்க மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. மறுநாள் பன்யாங் ஜோவெலினின் பழைய பள்ளிக்கூட ஷூவில் காகிதம் அடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நடக்கும்போது ஒவ்வொரு காலும் ஒரு கணம் தாமதமாகக் கிளம்பியது.

*

அவையில் ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர்கள் தங்கள் ஊர்க்காரர்களை அழைத்து வந்து மாடத்தில் உட்கார வைப்பார்கள். அவைத் தலைவர் ஒரு சீட்டைப் பார்த்து அவர்கள் பெயரை வாசிப்பார். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து நிற்பார். கீழே கை தட்டுவார்கள். அமரலாம் என்றதும் உட்காருவார். அழகுப் போட்டியில் வென்றவர்கள், நகரசபைக் கணக்கர்கள், எங்கோ கூடைப்பந்தில் மூன்றாம் இடம் வந்தவர்கள் எனத் தினமும் ஒரு கூட்டம் எழுந்து உட்காரும்.

நண்டு மசோதாவை முதல்முறை தள்ளிவைத்த அன்று, யாரும் பெயர் வாசிக்காமலே பன்யாங் எழுந்து நின்றாள். பேசவில்லை, அசையவில்லை. கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, பூசையில் நிற்பதுபோல நின்றாள்.

மெர்லிண்டா அருகில் போனாள். "என்ன மனாங், வெளிய போகணுமா?"

"இல்ல."

"அப்ப உட்காருங்க."

"கை தட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு. கத்தக்கூடாது, அட்டை பிடிக்கக்கூடாதுன்னும் போட்டிருக்கு. நிக்கக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கு?"

மெர்லிண்டா அன்று மாலை விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தாள். எங்கும் போட்டிருக்கவில்லை. சீஃப் ஓர்தேகா அவளுடைய மேலதிகாரி, தன் தொப்பையைவிடத் தன் பதவியைப் பெரிதாகத் தூக்கிக்கொண்டு நடப்பவர். அவரிடமே போய்ச் சொன்னாள்.

"விதியில இல்லைன்னா என்ன? பார்க்கவே நல்லால்லையே," என்றார் அவர்.

"பார்க்க நல்லால்லாதவங்களை வெளிய அனுப்பணும்னா கீழேயிருந்துதான் ஆரம்பிக்கணும் சீஃப்."

அதன் பிறகு மசோதா தள்ளிப்போகும்போதெல்லாம் மூன்றாம் வரிசையில் ஒரு உருவம் எழுந்தது. போதிய உறுப்பினர் இல்லை என்று தள்ளினார்கள். குழுவின் அறிக்கை அச்சாகவில்லை என்று தள்ளினார்கள். ஒருநாள் காரணம் சொல்ல மறந்தே தள்ளினார்கள். கீழே சுருக்கெழுத்தர்கள் தலையைத் தூக்காமலே, "மனாங் எழுந்தாச்சா? அப்ப நண்டு போச்சு," என்று பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அதிகம் எரிச்சல் தந்தது 'ஒரு நிமிட ஒத்திவைப்பு'தான். சங்கடம் வந்தால் அவைத் தலைவர், "அவை ஒரு நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது," என்று சுத்தியலைத் தட்டுவார். உறுப்பினர்கள் எழுந்து காபி குடிக்கப் போவார்கள். அந்த நிமிடம் பொழுது சாயும் வரைகூட நீளும்.

"ஏன் இண்டாய், இவங்க நிமிஷம் எந்தக் கடையில வாங்கினது? எங்க கொட்டகையில இப்படி ஒரு நிமிஷம் கிடைச்சிருந்தா நான் ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்திருப்பேன்."

இரண்டு நாடாளுமன்றங்கள் இப்படிக் கழிந்தன. மசோதா செத்த ஒவ்வொரு முறையும் அவள் மெர்லிண்டாவிடம் ஒரு வாழைப்பழச் சுருளைக் கொடுத்து, "இந்தா, கருமாதிச் சாப்பாடு," என்பாள். புதிய நாடாளுமன்றம் கூடும் முதல் நாள், சின்ன எண் கிடைக்க வேண்டுமென்று மசோதா தாக்கல் செய்யும் அறை முன்னால் விடியற்காலையிலேயே ஊழியர்கள் வரிசை பிடிப்பார்கள். குவாரின் அம்மையாரின் அலுவலகப் பையனுக்குப் பதிலாக அந்த வரிசையில் பன்யாங்தான் நிற்பாள். சின்ன எண் வந்தால் மசோதா சீக்கிரம் எடுக்கப்படும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

"பின்ன எதுக்கு நிக்கிறீங்க?" என்று மெர்லிண்டா கேட்டாள்.

"எண்ணு பெரிசா இருந்தா அவனுங்க வாயில நுழையலைன்னு ஒரு சாக்குச் சொல்லுவானுங்க. அதையும் ஏன் குடுக்கணும்?"

*

பெர்கான்சா என்ற உறுப்பினரின் தொகுதியில் நண்டுச் சதையை டப்பாவில் அடைக்கும் ஆலைகள் இருந்தன. மசோதாவை அவர் ஒருபோதும் எதிர்த்ததில்லை. கேள்விகள்தான் கேட்டார். அவருடைய கேள்விகள் முடிவதற்குள் நாள் முடிந்துவிடும். மூன்றாவது நாடாளுமன்றத்தின் கடைசி ஆண்டில், மசோதா இரண்டாம் வாசிப்பில் இருந்தபோது அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "நானும் அந்தக் கொட்டகைகளுக்குப் போயிருக்கிறேன். சகோதரிகள் கூடி உட்கார்ந்து, ஊர்க்கதை பேசி, வானொலியில் நாடகம் கேட்டுக்கொண்டு, கைக்கு ஒரு வேலையாக நண்டு உரிக்கிறார்கள். இது பொழுதுபோக்கு. இந்த மகிழ்ச்சியை ஏன் சட்டம் போட்டுப் பூட்ட வேண்டும்?"

பன்யாங் எழுந்தாள்.

மசோதா தள்ளிவைக்கப்படாமலே அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை. பெர்கான்சா நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. "அவைத் தலைவர் அவர்களே, மாடத்தில் ஒருவர் நிற்கிறார். எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது."

"மாடத்தில் நிற்பவர் தயவுசெய்து அமரவும்," என்றார் அவைத் தலைவர்.

அவள் அமரவில்லை. சீஃப் ஓர்தேகா கீழேயிருந்து கையசைத்தார். மெர்லிண்டா அவளருகே போய்க் காதோடு சொன்னாள். "மனாங், இப்ப அவைத் தலைவரே சொல்லிட்டாரு. இனிமே விதி இருக்கு."

"அவரு சொல்றது சரிதான். அவருக்கு உட்கார்ந்தே பழக்கம். நானும் காலமெல்லாம் உட்கார்ந்துதான் இருந்தேன். முதுகைப் பாரு. இன்னைக்கு உட்கார மாட்டேன் இண்டாய். நீ உன் வேலையைப் பாரு, கையைப் பிடி. கோச்சுக்க மாட்டேன்."

மெர்லிண்டா முழங்கையைப் பிடித்தாள். இருவரும் படியேறி வெளியே போனார்கள். பிடித்தவளைப் பிடிபட்டவள்தான் நிதானமாக நடத்திக்கொண்டு போனாள் என்று அன்று பார்த்தவர்கள் சொல்வார்கள். கூட்டத்தொடர் முடியும் வரை அவள் உள்ளே வரக் கூடாதென்று சீஃப் உத்தரவு போட்டார். பன்யாங் வடக்கு வாசலில் எண்ணெய்ச் சட்டி முன் உட்கார்ந்து, கைபேசியில் அவை நடவடிக்கையைக் கேட்டபடி சுருள் பொரித்தாள். மசோதா தள்ளிப்போன நாளில் அங்கேயே எழுந்து நின்றாள். பணி முடிந்து வெளியே வந்த மெர்லிண்டா அதைக் கண்டு, "இங்க யாரு பார்க்குறாங்க மனாங்?" என்றாள்.

"சட்டி பார்க்குது. நீ பார்க்குற. கேமரா வேணுமா?"

அந்தக் கோடையில் அவளுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் பெண் தொழில் என்ன என்று கேட்டாள். ஜோவெலின், "தொழில் இல்ல, வீட்டோட இருக்காங்க," என்றாள். தள்ளுபடுக்கையில் கண் மூடிக் கிடந்தவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நண்டு உரிக்கிறவ! எழுதும்மா. ந-ண்-டு. நான் செத்தாலும் வீட்டோட இருக்கறவளாச் சாக மாட்டேன்."

இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மெர்லிண்டா பார்க்கப் போனாள். மசோதா இரண்டாம் வாசிப்பில் தேறியிருந்தது. பிரதிகள் உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. கடைசி நாளில் மூன்றாம் வாசிப்பு. ஊரிலிருந்து சலோமேயும் மற்றவர்களும் புறப்பட்டுவிட்டார்கள்.

"உள்ளவிட மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் அம்மையார் விருந்தாளிச் சீட்டுல என் பேரையும் போடச் சொல்லியிருக்கேன்," என்றாள் பன்யாங். குரல் தேய்ந்திருந்தது. "கடைசி நாள் ரகளையில எவன் பார்க்கப் போறான்?"

"உங்களால எழுந்திருக்கவே முடியலையே மனாங்."

"அதனாலதான் முன்னாடியே சொல்லி வைக்கிறேன்."

மெர்லிண்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் வேணா உங்களுக்காக நிக்கட்டுமா?"

"நீ எப்பவும் நின்னுக்கிட்டுதானே இருக்க, மண்டு. அது உன் சம்பளம். அதுல எனக்கென்ன பெருமை?"

*

கடைசி நாளின் அலுவல் பட்டியல் ஓடியது. சாலைகளுக்குப் பெயர் மாற்றினார்கள். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தை உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள். ஜன்னல்களில் வெயில் மஞ்சளாகத் தொடங்கியபோது செயலாளர் நண்டு மசோதாவின் எண்ணை வாசித்தார். மூன்றாம் வாசிப்பில் விவாதம் கிடையாது. பெயர் கூப்பிட வேண்டியதுதான். அந்த நேரம் பெர்கான்சா எழுந்தார்.

"அவைத் தலைவர் அவர்களே, போதிய உறுப்பினர்கள் அவையில் இருக்கிறார்களா என்று ஐயமாக இருக்கிறது."

இல்லைதான். பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பும் விமானத்தைப் பற்றி ஓய்வறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவரை நிறைவேறிய சாலைகளுக்கும் அவ்வளவு பேர்தான் இருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூடாதென்பது அவர்களுக்குள் ஒரு மரியாதை. இப்போது ஒருவர் கேட்டுவிட்டார்.

"அவை ஒரு நிமிடம் ஒத்திவைக்கப்படுகிறது."

சுத்தியல் விழுந்தது. குவாரின் அம்மையார் ஷூவின் குதி தட்டத் தட்ட ஓய்வறையை நோக்கி ஓடினார். உறுப்பினர்களை அழைக்கும் மணி விடாமல் அடித்தது.

மெர்லிண்டா நின்ற இடத்திலிருந்து மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். சொல்லக் கூடாது, சொன்னால் அழுகைச் சத்தம் கேட்கும், மாடத்தைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று அதுவரை செய்தியைத் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் படியிறங்கிப் போய்ச் சலோமேக்குப் பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். பணி நேரத்தில் அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"மனாங் சலோமே. மூணு மணிக்கு மனாங் பன்யாங் தவறிட்டாங்க."

சலோமே முடிந்துபோன மணிக்கட்டால் மூக்கை ஒருமுறை தேய்த்துக்கொண்டாள். பிறகு அடுத்தவளின் காதில் சொன்னாள். அவள் அதற்கடுத்தவளிடம் சொன்னாள். செய்தி வரிசையின் கோடி வரை போய்ச் சேர்ந்தது. யாரும் அழவில்லை. கோடியில் இருந்தவள் முதலில் எழுந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக மொத்த வரிசையும் எழுந்து நின்றது. மெர்லிண்டாவும் எழுந்து தன் கதவருகே போனாள்.

சீஃப் ஓர்தேகா மூச்சிரைக்க மேலே வந்தார். "என்ன இது? உட்காரச் சொல்லு!"

"அவை ஒத்திவைப்புல இருக்கு சீஃப். அவையே இல்லாதப்ப அவைக்கு என்ன இடைஞ்சல்?"

"ஒரு நிமிஷத்துல கூடிடும்!"

"அப்ப இன்னும் நேரம் இருக்கு."

உறுப்பினர்கள் வாயைத் துடைத்தபடி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கை தேறியது. அவை கூடியது. மூன்றாம் வரிசை நின்றுகொண்டே இருந்தது. அவைத் தலைவர் நாற்காலியில் அன்று இருந்தவர் மாற்று ஆள். மூன்று மணியிலிருந்து அவரவர் மாறி மாறி உட்கார்ந்ததில் அவர் முறை அப்போதுதான் வந்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் குவாரின் அம்மையார் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார்.

"வாக்கெடுப்புக்கு முன், மாடத்தில் இருக்கும் என் விருந்தினர்களை அவை வரவேற்க வேண்டுகிறேன்."

காலையிலேயே தட்டச்சாகிப் போயிருந்த சீட்டு நாற்காலியில் இருந்தவர் கைக்கு வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சலோமே. அவளுக்கடுத்தவள். அவளுக்கடுத்தவள். எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் வழக்கமான நாற்காலிச் சத்தம் எழவில்லை. கடைசிப் பெயருக்கு வந்தார்.

"திருமதி எபிஃபானியா டுமலகன். அவைக்கு நல்வரவு, அம்மா. எழுந்து நின்றமைக்கு நன்றி."

கீழே கை தட்டினார்கள். சுருக்கெழுத்தர்களில் ஒருத்தி மட்டும் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

சீஃப் மெர்லிண்டாவின் தோளைப் பிடித்தார். "அவளுக்குத் தடை இருக்கே! யாரு உள்ள விட்டது?"

"செத்தவங்களுக்கு இந்த வாசல்ல சோதனை கிடையாது சீஃப்."

"விருந்தினர்கள் அமரலாம்," என்றார் கீழே நாற்காலியில் இருந்தவர். யாரும் அமரவில்லை. மறுபடி சொன்னார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பெயர் கூப்பிடும்படி செயலாளரிடம் சைகை காட்டினார். பெயர் கூப்பிடத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது.

நீண்ட பட்டியல் அது. ஆதரவு, ஆதரவு, எதிர்ப்பு, ஆதரவு. பெண்கள் அத்தனை நேரமும் நின்றார்கள். பெர்கான்சாவின் முறை வந்தது. அவர் மாடத்தைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார். "நான் என்றும் உழைக்கும் பெண்களின் நண்பன். ஆதரவு."

"நண்பனாம்," என்றாள் சலோமே, கேட்கும்படியாகவே. "நண்டு கொடுக்கால பிடிக்கிறது கட்டிப்பிடிக்கவா?"

மெர்லிண்டா அவளைத் தடுக்கவில்லை.

மசோதா தேறியது. கை தட்டக் கூடாதென்ற விதியை அந்தப் பெண்கள் மீறவில்லை. தேறியதென்றால் கீழவையில் தேறியது. அது இன்னும் மேலவைக்குப் போக வேண்டும். மேலவை நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அன்று மதியமே தன் கடைசிச் சுத்தியலைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தது. பெர்கான்சா எப்படி உழைக்கும் பெண்களின் நண்பரானார் என்பது வாசலைத் தாண்டுவதற்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"அப்ப செத்துடுச்சா?" என்று இளையவள் ஒருத்தி கேட்டாள்.

"செத்துடுச்சு," என்றாள் மெர்லிண்டா.

"அடுத்த தடவை வரிசையில யாரு நிக்கிறது?"

சலோமே முழுசாக இருந்த கையால் தன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நான் ஊருக்குப் போகல. மனாங்கை அனுப்பி வெச்சுட்டு இங்கயே இருக்கேன். அந்த எண்ணெய்ச் சட்டி யாருக்காவது வேணுமா என்ன? ஒத்தைக் கையால சுருட்டினா பழம் கொஞ்சம் கோணலா இருக்கும். வாங்கறவன் வாங்கட்டும்."

துக்க வீட்டில் அன்று இரவு ஜோவெலினின் அறை கொள்ளவில்லை. பெட்டியைச் சந்தைச் சந்தில் வைத்தார்கள். காபியும் பிஸ்கட்டும் சுற்றி வந்தன. ஒரு மூலையில் சீட்டாட்டம் நடந்தது. சுருக்கெழுத்தர்கள் வந்தார்கள், வாசல் காவலர்கள் வந்தார்கள். குவாரின் அம்மையார் வந்து, பெட்டியின் கண்ணாடி மீது கை வைத்து, "மனாங், என் பேத்தி ஞானஸ்நானத்துக்கு நீங்க வந்திருக்கலாம்," என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். மெர்லிண்டா சீருடையை மாற்றாமலே வந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை ஆண்டுகளில் கதவருகே நின்றபடி அவள் கேட்ட பேச்சுகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. பேசாமல் நின்றவள் ஒருத்திதான் நினைவில் இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து சீஃப் ஓர்தேகா ஒரு தாளைக் கொண்டு வந்தார். அவைக்குறிப்பு எழுதுகிறவர்கள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தடையிலிருந்த ஒருத்தி, அதுவும் இறந்துபோனவள், மாடத்தில் எழுந்து நின்றதாகவும் அவை அவளை வரவேற்றதாகவும் பதிவாகியிருக்கிறது. அன்று பணியிலிருந்த காவலர், அவள் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் பெயரை நீக்கிவிடலாம்.

"ஒரு கையெழுத்துதானே மெர்லிண்டா."

"அவங்க வரலைன்னு நான் எப்படி எழுதுறது சீஃப்?"

"செத்துப்போனவ எப்படி வருவா?"

"அவைத் தலைவர் நாற்காலியில இருந்தவரு நல்வரவுன்னு சொன்னாரு. எழுந்து நின்னதுக்கு நன்றியும் சொன்னாரு. மொத்த அவையும் கை தட்டுச்சு. நான் வெறும் வாசல் காவல். அவ்வளவு பேர் பார்த்ததை நான் ஒருத்தி பார்க்கலைன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"இதென்ன பிடிவாதம்?"

"பழகிடுச்சு சீஃப்."

அவர் தாளை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தார், அதற்கு மறுநாளும் பார்த்தார். பிறகு எடுத்துத் தன் இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். புதிய நாடாளுமன்றம் கூடிவிட்டது. கடைசி நாளின் அவைக்குறிப்பில் அந்தப் பெயரை நீக்கும் வேலை ஒரு கையெழுத்துக்காக இன்னும் பாக்கி கிடக்கிறது.